முள்வளையமும் மல்லிகைச் சரமும்

கடல் இன்னும் மலையடிவாரத்தைத் தொட்டுக்கொண்டிருந்த காலத்தில், விலங்குகளின் பேச்சு மனிதர்க்கு முற்றிலும் மறந்துபோகாத காலத்தில், வேங்கைக்குன்றம் என்றொரு நாடு இருந்தது. அந்நாட்டின் கொலுமண்டபத்தில் ஒரு நாள் ஐவர் கூடியிருந்தனர். அவர்கள் யார் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கதையின் நடுவில் எழுந்து கேட்பது அழகன்று.

முதலாமவர் மன்னர் வெண்காரி. போரில் இரு கால்களும் உணர்விழந்தவர். பல்லக்கில் அன்றி நகர இயலாதவர். இரண்டாமவள் அவருடைய ஒரே மகள் அல்லிக்கோதை. இருபது வயது, எண்ணும் எழுத்தும் வாளும் வில்லும் கற்றவள், தோற்க மட்டும் கற்காதவள். மூன்றாமவர் மன்னரின் தங்கை பொன்னியம்மை. அவர் தம் நாக்கை ஒருபோதும் உறையில் இட்டதில்லை. நான்காமவர் அரண்மனை மந்திரவாதி கண்டகர். இரும்பைப் பேசவைக்கும் வித்தை அறிந்தவர். ஐந்தாமவன் வேட்டைநாய்களைப் பேணும் கொற்றன். இளவரசி பிறந்த ஆண்டிலேயே பிறந்தவன். அதற்குமேல் அவளோடு எந்த ஒப்புமையும் தேடாதவன்.

ஐவரைத் தவிர, அரியணையின் அடியில் ஒரு நாயும் படுத்திருந்தது. செம்மண் நிறம், கரிய வாய், கன்றுக்குட்டியின் உயரம். பெயர் சூறை. அந்த நாய்க்கு உலகத்தில் மன்னர் ஒருவர் போதும். அவர் குரல் எந்தத் திசையில் கேட்டாலும், இடையில் சுவர் இருக்கிறதா ஆள் இருக்கிறதா என்று பாராமல் பாயும்.

"கோதை," என்றார் மன்னர், "இன்றிலிருந்து நாற்பதாம் நாள் உன் சரநடை."

சரநடை என்பது வேங்கைக்குன்றத்தின் வழக்கம். முடிசூட விரும்புகிறவர் அரண்மனை நாயின் கழுத்தில் மல்லிகைச் சரத்தைக் கட்டி, அதைப் பிடித்து ஏழு தெருக்களைக் கடந்து எல்லைக்கல்லை அடைய வேண்டும். சரம் ஒற்றை வாழைநாரில் தொடுக்கப்பட்டது. சற்றே பலமாய் இழுத்தாலும் அறுந்துவிடும். அறுந்தால் அரசுரிமை அடுத்த உறவுக்குப் போகும். அடுத்த உறவு பொன்னியம்மையின் மகன்.

"நாற்பது நாள் எதற்கு அண்ணா?" என்றார் பொன்னியம்மை. "நேற்று இவள் நாயோடு உலாவப் போனாள் அல்லவா? மீன்கடைத் தெருவில் ஒரு கிழவி என்னிடம் கேட்டாள், அரண்மனையில் இப்போது நாய்தான் இளவரசியை மேய்க்கிறதா என்று. பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை."

கோதையின் முழங்கையில் அந்த உலாவின் சிராய்ப்பு இன்னும் காயவில்லை. அவள் அதை மேலாடையால் மறைத்துக்கொண்டு கொற்றனைப் பார்த்தாள். "நாற்பது நாளில் பழக்க முடியுமா?"

"இப்போதே பிடித்தால் முடியும் அம்மா. அது இழுத்தால் நீங்கள் மரமாக நில்லுங்கள். கயிறு தொய்ந்தால் நடங்கள். உங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தால் ஒரு துண்டு உப்புக்கண்டம் கொடுங்கள். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவையும் ஒரு நாளைக்கு இருநூறு முறை செய்ய வேண்டும். அதுதான் கொஞ்சம் கூடுதல்."

கோதை ஒன்பது நாள் செய்தாள். நாய் இழுத்தது, நின்றாள். கயிறு தொய்ந்தது, நடந்தாள். முதல் நாள் அரண்மனை வாயிலைத் தாண்ட நண்பகல் ஆயிற்று. ஐந்தாம் நாள் முதல் தெருவின் முனையைக் கண்டாள். ஒன்பதாம் நாள் மன்னரின் பல்லக்கு அவ்வழியே வந்தது. அவர் குரலைக் கேட்டதும் சூறை பாய்ந்தது. கோதை வாணியரின் எள்ளுக் குவியலில் தலைகுப்புற விழுந்தாள். தெரு சிரித்தது. வேற்றரசரின் படை எதிரே நின்றபோது நடுங்காத அவள் கைகள், அந்தச் சிரிப்பில் நடுங்கின.

மறுநாள் காலை கண்டகரின் உலைக்கூடத்திற்குச் சென்றாள்.

அவர் அவளை எதிர்பார்த்தவர் போல ஒரு பெட்டியைத் திறந்தார். அதனுள் இரும்புக் கண்ணிகளைக் கோத்த வளையம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு கண்ணிக்கும் உட்புறம் நோக்கிய இரண்டு முட்கள். முனைகள் மழுங்கலாய், பார்வைக்குச் சாதுவாய் இருந்தன. அவர் அதைக் கையில் எடுத்ததும் வளையம் மெல்லிய குரலில் பேசியது:

"இழுத்தால் குத்துவேன், தளர்ந்தால் தழுவுவேன், குற்றம் என்னுடையதன்று, கழுத்துடையது."

"கொடுமையான பொருளாகத் தெரிகிறதே," என்றாள் கோதை.

கண்டகர் புன்னகைத்து, வளையத்தைத் தம் புயத்தில் மாட்டி, தாமே கயிற்றைச் சுண்டினார். "பாருங்கள் இளவரசி. துளி இரத்தம் இல்லை. தாங்கள் நாயை அடிக்கப்போவதில்லை, அதட்டப்போவதில்லை. அது இழுத்தால் அதற்குத் தெரியும், இழுக்காவிட்டால் அதற்கு நிம்மதி. தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். இழுக்காது என்பதற்கு நான் பொறுப்பு."

"வலிக்காதா?"

"தாய்நாய் குட்டியின் கழுத்தைக் கவ்வுகிறதே, அதற்கு வலிக்கிறதா?"

நல்ல உவமை ஒன்றைக் கேட்டால் அதற்குப்பின் யோசிப்பதை நிறுத்திவிடுவது கற்றவர்களின் குறை. கோதை நன்கு கற்றவள். வளையத்தை வாங்கிக்கொண்டாள்.

அன்று முதல் பயிற்சி அரண்மனை முற்றத்தில் நடந்தது. சிரிக்க அங்கே தெரு இல்லை. முற்றத்தின் மேலே மன்னரின் மாடம் இருந்தது. காலைதோறும் அவரை அங்கே கொண்டுவந்து அமர்த்துவார்கள். நடக்க முடியாத அவருக்கு நாயும் மகளும் நடப்பதைக் காண்பது இன்பம். அவர் குனிந்து, "சூறை" என்று அழைப்பார்.

முதல் நாள் காலை அவர் அழைத்தார். சூறை பாய்ந்தது. முட்கள் குத்தின. நாய் அலறிற்று. "இழுத்தால் குத்துவேன்," என்றது வளையம்.

இரண்டாம் நாள் காலை அவர் அழைத்தார். சூறை ஓரடி எடுத்து வைத்தது. முட்கள் குத்தின. நாய் முனகிற்று. "இழுத்தால் குத்துவேன்," என்றது வளையம்.

மூன்றாம் நாள் காலை அவர் அழைத்தார். சூறை அசையவில்லை. வாலைத் தாழ்த்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டது. "தளர்ந்தால் தழுவுவேன்," என்றது வளையம்.

கோதைக்குத் தாங்க முடியாத மகிழ்ச்சி. ஒன்பது நாள் நடவாதது மூன்று நாளில் நடந்துவிட்டது. மாடத்திலிருந்து மன்னர், "என்ன மந்திரம் செய்தாய்?" என்று கேட்டபோது அவர் குரல் சற்றே வாடியிருந்ததை அவள் கவனிக்கவில்லை. தன் ஆற்றலை வியந்தார் என்று எடுத்துக்கொண்டாள்.

கொற்றன் மட்டும் முற்றத்தின் ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தான்.

"என்ன கொற்றா, வாயடைத்துப் போயிற்றா?" என்றாள் அவள்.

"நாய் கற்றுக்கொண்டது அம்மா. இல்லை என்று சொல்லமாட்டேன். என்ன கற்றுக்கொண்டது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை."

"இழுக்கக் கூடாது என்று கற்றது."

"அது நீங்கள் கற்பித்தது. அது கற்றது வேறாக இருக்கலாம். இந்த முற்றத்தில் மூன்று நாளும் அது கண்டது ஒன்றே. பெரியவர் முகம் தெரிகிறது, கழுத்தில் முள் இறங்குகிறது. கயிறு உங்கள் கையில் இருப்பது அதன் கண்ணில் படாது."

"பொறாமை உனக்கு. உன் உப்புக்கண்டத்தை எடுத்துக்கொண்டு போ. சரநடை முடியும்வரை இந்தப் பக்கம் வராதே."

கொற்றன் வணங்கிவிட்டுப் போனான். வளையம் தழுவிக்கொண்டே இருந்தது. நாட்கள் ஓடின. சூறை நிழல்போல நடந்தது. திரும்பு என்றால் திரும்பியது, நில் என்றால் நின்றது. குரைப்பதை எப்போதோ விட்டுவிட்டது. பொன்னியம்மையே ஒரு நாள், "நாயா இது, பல்லக்குச் சுமக்கிறவன்போல அல்லவா நடக்கிறது," என்று வியந்தார். அதைப் பாராட்டாகவே சொன்னார்.

முப்பத்தொன்பதாம் நாள் பிற்பகல். மறுநாள் சரநடை. மன்னர் தம்மைக் கீழே இறக்கச் சொன்னார். "நாளை என் மகள் அரசியாகப் போகிறாள். இன்று என் நாய்க்கு என் கையால் ஊட்டுவேன்," என்றார். முற்றத்தில் அவருக்கு இருக்கை போட்டார்கள். கண்டகரும் பொன்னியம்மையும் உடன் வந்தனர். கோதை சூறையை அழைத்துவந்தாள். கயிறு தொய்ந்தே இருந்தது. அவ்வளவு அழகான நடை.

மன்னர் கையில் எலும்பை ஏந்தி முன்னே குனிந்தார். "சூறை," என்றார்.

நாய் குரைக்கவில்லை; உறுமவில்லை. எச்சரிக்கும் வழிகளை எல்லாம் அது மறந்திருந்தது. நின்ற இடத்திலிருந்து அப்படியே பாய்ந்து மன்னரின் முன்கையைக் கவ்வியது. கோதை இழுத்தாள். முட்கள் குத்தக் குத்தப் பல் இன்னும் ஆழமாய் இறங்கியது. காவலர் ஈட்டியை ஓங்கிய பிறகே விட்டது.

மன்னரின் கையிலிருந்து இரத்தம் வடிந்தது. அவர் காயத்தைப் பார்க்கவில்லை, நாயைப் பார்த்தார். நாய் அவர் முகத்தைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தது.

"அரசனைக் கடித்த நாய்க்குச் சட்டம் ஒன்றுதான்," என்றார் பொன்னியம்மை. அவர் குரலிலும் இப்போது கேலி இல்லை.

"சட்டம் தெரியும்," என்றார் மன்னர். "நாளை சூரியன் சாயும்வரை பொறுங்கள். எல்லைக்கல்லின் அருகே நான் இருப்பேன். பல் காட்டாமல் அது என்னிடம் வந்தால் வாழட்டும். வராவிட்டால் நான் ஆணையிட்டே ஆக வேண்டும்."

கண்டகர் முன்னே வந்தார். "இரண்டு கண்ணிகளைக் கழற்றி வளையத்தை இறுக்கினால் போதும், இளவரசி. நாளை அசையாது."

"இழுக்காது என்றீரே?"

"இழுக்கவில்லையே. கயிறு தொய்ந்துதானே இருந்தது? இழுக்காது என்று சொன்னேன். அது என்ன நினைக்கும் என்று நான் சொல்லவில்லை."

கோதை மண்டியிட்டு வளையத்தைக் கழற்ற முயன்றாள். பூட்டும் இல்லை, மூட்டும் இல்லை. மாட்டியபோது இருந்த கொக்கி மறைந்திருந்தது. வளையம் பேசியது: "பிடித்த கை பூணும்வரை பிடி விடமாட்டேன்."

"அப்படியானால் நான் பூணுகிறேன்," என்றாள் கோதை.

சொல் முடியுமுன் வளையம் நாயின் கழுத்திலிருந்து மறைந்து அவள் கழுத்தில் இருந்தது. குளிர்ந்த இரும்பு. கண்டகர் ஓரடி பின்வாங்கினார். அவள் கயிற்றின் நுனியை அவரிடம் நீட்டினாள். "பிடியும். என் தந்தையிடம் நடக்கப் போகிறேன். ஓர் அடிக்கு ஒருமுறை சுண்டும். நீர் செய்த பொருள்தானே, தயங்காதீர்."

மன்னர், "கோதை" என்று அழைத்தார்.

முதல் அடி. முட்கள் இறங்கின. புயத்தில் மாட்டிக் காட்டியபோது கண்டகருக்கு வலித்திராதுதான். சுண்டும் கை அவருடையது, எப்போது சுண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். கோதைக்குத் தெரியவில்லை. கண்களில் நீர் முட்டியது.

"கோதை, வேண்டாம்," என்றார் மன்னர். இரண்டாம் அடி. முட்கள் இறங்கின. வலிக்கு முந்தி அச்சம் வந்தது. தந்தையின் குரல் எழும்போதே கழுத்து சுருங்கியது.

"அம்மா," என்றார் மன்னர். மூன்றாம் அடி. முட்கள் இறங்கின. அப்போது அவள் தன் நெஞ்சுக்குள் ஒன்றைக் கண்டாள். நரைத்த புருவமும் அன்பு கனிந்த கண்களும் கொண்ட அந்த முகத்தை, பிறந்த நாள் முதல் தனக்குக் கோயிலாக இருந்த முகத்தை, அவள் அந்தக் கணத்தில் வெறுத்தாள். வாயை மூடிக்கொள்ளமாட்டாரா என்று எண்ணினாள். கயிறு யார் கையில் இருக்கிறது என்று அறிந்த அவளுக்கே அப்படி. அறியாத உயிர் முப்பது நாள் அதைச் சுமந்தது.

"குற்றம் என்னுடையதன்று," என்று தொடங்கியது வளையம்.

"கழுத்துடையதும் அன்று," என்றாள் கோதை. "கையுடையது. அந்தக் கை என்னுடையது."

மந்திரம் உண்மையைத் தாங்காது. முட்கள் காய்ந்த நெருஞ்சிபோல உதிர்ந்தன. கண்ணிகள் துருவாகித் தரையில் கொட்டின.

மந்திரம் போயிற்று, பயம் போகவில்லை. கதைகளில் மந்திரம் முறிந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் நாய் வளர்த்தவர்களாக இருக்க முடியாது. சூறை அன்று மாலை முழுவதும் கொட்டடியின் மூலையில் முகத்தைச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. கோதை ஆளனுப்பாமல் தானே போய்க் கொற்றனை அழைத்துவந்தாள்.

"மன்னிப்புக் கேட்க வந்தீர்களா அம்மா, யோசனை கேட்க வந்தீர்களா?"

"இரண்டுக்கும்."

"யோசனை என்னிடம் புதிதாக ஒன்றும் இல்லை. பழையதுதான். மரமாக நில்லுங்கள்." சற்றுப் பொறுத்து, "பெரியவர் நாளை அதைப் பார்க்கவும் வேண்டாம், அழைக்கவும் வேண்டாம். முதுகைக் காட்டி உட்காரட்டும்," என்றான்.

நாற்பதாம் நாள் விடியலில் சரநடை தொடங்கியது. வெறும் கழுத்தில் வெண்மல்லிகைச் சரம். ஊர் முழுவதும் தெருவோரம் திரண்டிருந்தது. சூறை முன்னே போக எத்தனித்தது. சரம் நேராகுமுன் கோதை நின்றாள். அது பின்வாங்கியது, அவளும் உடன் பின்வாங்கினாள். அது ஒரு தூணை முகர்ந்தது. முகர்ந்து முடிக்கும்வரை காத்திருந்தாள். முதல் தெருவைக் கடக்க மூன்று நாழிகை ஆயிற்று.

"தேரை இழுத்தால்கூட இந்நேரம் வந்திருக்கும்," என்றான் ஒருவன். சிரிப்பு எழுந்தது. கோதை அந்தச் சிரிப்பைக் கேட்டாள். கைகள் நடுங்கவில்லை, நாய் எங்கே பார்க்கிறது என்பதிலேயே அவள் கருத்து இருந்தது. மூன்றாம் தெருவில் கூட்டம் பாதியாயிற்று. ஐந்தாம் தெருவில் வேலை உள்ளவர்கள் எல்லாம் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஏழாம் தெருவின் முனையில் எல்லைக்கல் தெரிந்தபோது வெயில் சிவந்திருந்தது. மல்லிகை வாடிச் சுருங்கியிருந்தது. நார் அறவில்லை.

கல்லின் அருகே மன்னர் முதுகைக் காட்டி அமர்ந்திருந்தார். அவருக்கு இரண்டு புறமும் பொன்னியம்மையும் கண்டகரும். சற்று அப்பால் ஈட்டி ஏந்திய காவலர்.

மன்னரின் முதுகைக் கண்டதும் சூறை நின்றுவிட்டது. பத்தடி தூரம். உடல் நடுங்கியது. கோதை நின்றாள். நேரம் போயிற்று. சூரியனின் கீழ் விளிம்பு மலையைத் தொட்டது.

"ஒரே ஒருமுறை மெல்லச் சுண்டுங்கள், இளவரசி," என்றார் கண்டகர் மெதுவாக. "அந்த அளவுக்கு நார் தாங்கும். பத்தடி வந்துவிட்டால் அரசு தங்களுடையது."

தாங்கும்தான், கோதைக்கும் அது தெரிந்தது. இழுத்தால் வரும், வந்து கடிக்கும் அல்லது வந்து சாகும் என்பதும் தெரிந்தது. கையில் சரம் இல்லாமல் எல்லைக்கல்லை அடைந்தவர் எவரும் இதுவரை முடிசூடியதில்லை என்பதும் தெரிந்தது. அவள் விரல்களைத் திறந்தாள். சரத்தின் நுனி மண்ணில் விழுந்தது.

"விட்டுவிட்டாள்," என்றார் பொன்னியம்மை, நம்ப முடியாதவராய்.

சூறை திரும்பிக் கோதையைப் பார்த்தது. தரையில் கிடந்த சரத்தைப் பார்த்தது. தெருவுக்கு ஓடலாம், காட்டுக்கு ஓடலாம், எந்தக் கையும் அதைப் பிடித்திருக்கவில்லை. அது மண்ணை முகர்ந்துகொண்டே ஓரடி முன்னே வைத்தது. நின்றது. மற்றோரடி. மன்னர் திரும்பவில்லை, அழைக்கவில்லை. அவர் கன்னத்தில் நீர் இறங்குவதைப் பொன்னியம்மை மட்டுமே கண்டார். நாய் சுற்றிவந்து, கட்டுப் போட்ட கையை நெடுநேரம் முகர்ந்தது. பிறகு அவரிடமிருந்து ஒரு முழம் தள்ளி, கல்லின் அடியில் படுத்தது. பழைய நெருக்கம் இல்லை. ஒரு முழம் தள்ளித்தான். ஆனால் பல் காட்டாமல், தானாக.

சூரியன் மறைந்தது. காவலர் ஈட்டியைத் தாழ்த்தினர்.

"கையில் சரம் இல்லையே, அரசே," என்றார் கண்டகர்.

மன்னர் பதில் சொல்லுமுன் பொன்னியம்மை குனிந்து நாயின் கழுத்தைப் பார்த்தார். "நார் அறவில்லை. நாய் கல்லடியில் கிடக்கிறது. என் மகனும் இந்த நாயோடு நடந்து பார்த்தவன்தான் அண்ணா. மீன்கடைத் தெருவைத் தாண்டவில்லை. இவள் சூடட்டும்," என்றார். அவர் வாழ்நாளில் எவரையும் புகழ்ந்து பேசியது அந்த ஒருமுறைதான் என்பார்கள்.

அல்லிக்கோதை முடிசூடினாள். கொற்றன் நாய்க்கொட்டடிக்குத் திரும்பினான். அவன் கேட்ட உப்புக்கண்டம் கேட்ட அளவில் கொடுக்கப்பட்டது. பத்தாம் நாள் கொலுவில் கண்டகர் ஒரு தட்டோடு வந்தார். தட்டில் பொன்னால் செய்த புதிய முள்வளையம்.

"அரசிக்கு என் காணிக்கை. அன்று பிழையாய்ப் போனது பொருளன்று, பழக்கிய இடம்தான். யானைக்கு உதவும், குதிரைக்கு உதவும். அடங்காத குடிகள் எந்த நாட்டில் இல்லை?"

கோதை வளையத்தைக் கையில் எடுத்து, ஒவ்வொரு கண்ணியாகத் தடவிப் பார்த்தாள். "நீர் என்னிடம் பொய் சொல்லவில்லை. ஆகவே தண்டனை இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். இதைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும். உலகத்தில் உமக்கு மிக வேண்டியவர் ஒருவரின் பெயரைச் சொல்லும். அவரை அழைத்துவந்து உம் எதிரே நிறுத்தச் சொல்கிறேன். கயிற்றை நான் பிடிக்கிறேன். மூன்றே அடி. அதன் பிறகும் இது நல்லதென்று நீர் சொன்னால், நாடெங்கும் வழங்க ஆணையிடுகிறேன்."

கண்டகர் வளையத்தைப் பார்த்தார். அவர் உதடுகள் ஏதோ ஒரு பெயரைச் சொல்லக் குவிந்தன. அந்தப் பெயர் உண்மையில் இருந்தது என்பதைக் கோதை அவர் கண்களில் கண்டாள். உதடுகள் மூடிக்கொண்டன. அவர் தட்டைத் தரையில் வைத்தார். எவரையும் பாராமல் திரும்பி, மண்டபத்தை விட்டு நடந்துபோனார்.